இ.சி.எம். மாற்றும் முன் சோதனை அளவுகளை எழுத்தில் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவுப் பயிற்றுநராக முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். காரின் இன்ஜினை ஆளும் மின்னணுப் பெட்டியான இன்ஜின் கண்ட்ரோல் மாட்யூல், அதாவது பணிமனைகளில் எல்லோரும் இ.சி.எம். என்று சொல்லும் பெட்டி, போய்விட்டது என்று ஒரே வரியில் எழுதி, ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாய்க்கு மதிப்பீட்டுத் தாளை நீட்டும் வழக்கத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். யோசனை கேட்டு என் வீட்டுக்கு வரும் பழைய மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் கொண்டுவரும் தாள்களில் இந்த வரி அடிக்கடி தென்படுகிறது. அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்லும் இரண்டாவது வரியை நான் எந்தத் தாளிலும் கண்டதில்லை. இ.சி.எம்.மை மாற்றுவதற்கு முன், அதற்கு வந்துசேரும் மின்சாரம், அந்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த், அது சென்சார்களுக்கு அனுப்பும் 5 வோல்ட் ஆகிய மூன்றும் அளக்கப்பட்டு, அந்த அளவுகள் வாடிக்கையாளர் கையில் எழுத்தாகத் தரப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

என் மகளின் காருக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் அவள் குடியிருக்கும் தெருவில் தண்ணீர் தேங்கி, வாசலில் நின்ற பெட்ரோல் காரின் கதவு விளிம்பைத் தாண்டித் தரைவிரிப்பை நனைத்துவிட்டு வடிந்தது. நல்லவேளையாக யாரும் செல்ஃப் அடித்துப் பார்க்கவில்லை. பேட்டரி வயரைக் கழற்றி, இருக்கைகளைப் பிரித்து, விரிப்பை வெயிலில் காயவைத்து, ஆயில்களை மாற்றிய பிறகு வண்டி எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. அடுத்த மழைக்காலத்தின் தொடக்கத்தில்தான் தொல்லை தலைகாட்டியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உதறும். செக் லைட் எரிந்து அணையும். விஜயநகர் சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் தானாக ஆஃப் ஆகிவிடும். பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். கைக்குழந்தையோடு பின்னால் வரிசைகட்டிய பேருந்துகளின் ஹாரனுக்கு நடுவே இரண்டு முறை நின்ற பிறகு, அவள் வண்டியை ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டாள்.

அங்கே ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, இ.சி.எம். உடனான தொடர்பு அறுபடுவதைக் குறிக்கும் யு 0100 என்ற பிழைக்குறி வந்திருப்பதால் இ.சி.எம். மாற்ற வேண்டும் என்று சொன்னார்கள். பெட்டி, அதன் மென்பொருளை வண்டிக்கு ஏற்ப அமைக்கும் கோடிங், கூலி, வரி எல்லாம் சேர்த்து 64,000 ரூபாய் என்றும், பாதியை முன்பணமாகக் கட்டினால்தான் ஆர்டர் போட முடியும் என்றும், வந்த பிறகு எலெக்ட்ரிக்கல் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றும் கூறினார்கள். எர்த்தைப் பார்த்தீர்களா என்று நான் கேட்டதற்கு, ஸ்கேனரே சொல்லிவிட்டதே என்று பதில் வந்தது. அந்த ஸ்கேன் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தேன். யு 0100 என்று அவர்கள் வட்டம் போட்டிருந்த வரிக்கு நான்கு வரி கீழே, மின்னழுத்தம் குறைவு என்பதைக் குறிக்கும் பி 0562 அச்சாகியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. பெட்டிக்குப் போதிய மின்சாரம் வராததால் அது அவ்வப்போது மயங்கிப்போகிறது என்பதற்கான தடயம் அந்தத் தாளிலேயே இருந்தது.

வண்டியை மீட்டு வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சோதித்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் 14.1 வோல்ட் தந்தது, இரண்டிலும் குறையில்லை. பிறகு மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையை இ.சி.எம்.மில் வயர்களைச் செருகும் கப்ளரின் பின்பக்கம் வழியாக மெல்லிய ஊசி கொண்டு எர்த் வயரிலும் தொட்டு, ஹெட்லைட்டையும் ரேடியேட்டர் ஃபேனையும் ஓடவிட்டு அளந்தேன். இரண்டும் எர்த் என்பதால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யத்தைக் காட்ட வேண்டும்; 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அது 0.9 காட்டியது. அந்த வயரைப் பின்தொடர்ந்து போனால், பேட்டரித் தட்டுக்குக் கீழே, முன் சட்டத்தில் ஒரு பத்து மில்லிமீட்டர் போல்ட்டில் போய் முடிந்தது. போல்ட்டைக் கழற்றியதும் வளையத் தகடு முழுவதும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதன் அடியில் பெயின்ட் உப்பி, துரு செதிள் செதிளாக உதிர்ந்தது. வயரின் உறையை இரண்டு அங்குலம் கீறிப் பார்த்தபோது உள்ளே தாமிர இழைகள் கறுத்து, விரலில் நெருடினால் பொடியாகும் நிலையில் இருந்தன. பொடிந்த பகுதியை வெட்டியெறிந்து, அதே கனத்தில் புது வயரை இணைத்து, புது வளையத் தகட்டை அமுக்கிப் பொருத்தி, சட்டத்தை உப்புக் காகிதத்தால் பளிச்சென்று தேய்த்து, போல்ட்டை முடுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினேன். செலவு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அதன் பிறகு அந்த வண்டி பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு முறைகூட நிற்கவில்லை.

இதில் ஒரு நுட்பத்தை இளைஞர்களுக்காகக் குறிப்பிட வேண்டும். அந்த வயரை ஓம் அளவில் வைத்துச் சோதித்திருந்தால் மீட்டர் பீப் ஒலி எழுப்பி, நல்ல நிலையில் இருக்கிறது என்றே காட்டியிருக்கும். இருபது இழைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் அனுப்பும் மிகச் சிறிய மின்னோட்டத்துக்கு அது போதும். தீப்பொறிக்கான இக்னிஷன் காயிலும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் வேலை செய்யும்போது பல ஆம்பியர் அந்த வழியே திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையில்தான் வயரின் பலவீனம் வெளிப்படும். ஆகவே மின்னழுத்த இழப்பை வண்டி இயங்கும் நிலையில், சுமையோடு அளக்க வேண்டும். என் வகுப்பில் இதை நான் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதுவேன். சாதனங்கள் எல்லாம் இருக்கும் பெரிய பணிமனையில் இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் இருபது நிமிடம்.

எர்த் ஏன் இவ்வளவு முக்கியம் என்று வாகனம் வைத்திருப்போர் கேட்கலாம். இ.சி.எம். என்பது சென்சார்கள் அனுப்பும் மின்னழுத்தங்களைப் படித்து, எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், எந்த நொடியில் தீப்பொறி தர வேண்டும் என்று கணக்கிடும் ஒரு சிறு கணினி. இன்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, உறிஞ்சு குழாயில் அழுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்கு 0 முதல் 5 வோல்ட்டுக்குள் ஓர் எண்ணாகத்தான் போய்ச் சேருகிறது. அந்த எண்களை எல்லாம் அது தன் எர்த்தைத் தரைமட்டமாகக் கொண்டே அளக்கிறது. தரைமட்டமே 0.9 வோல்ட் உயர்ந்துவிட்டால் அளவுகள் பிசகக்கூடும். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் பேட்டரி அழுத்தம் எப்படியும் பத்து வோல்ட் அளவுக்குத் தாழும். அதோடு இந்த இழப்பும் சேரும்போது உள்ளே இருக்கும் செயலி நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. வெளியே பார்ப்பவருக்கு அது பெட்டியின் கோளாறாகத் தெரிகிறது.

வந்துசேரும் மின்சாரத்தைப் போலவே, பெட்டி வெளியே அனுப்பும் 5 வோல்ட்டும் ஏமாற்றக்கூடியது. தாம்பரம் பக்கத்தில் பணிமனை வைத்திருக்கும் என் மாணவரிடம் சென்ற ஆண்டு ஒரு வாடகைக் கார் வந்தது. ஸ்டார்ட் ஆகவே இல்லை. ஸ்கேனரில் த்ராட்டில், ஆக்ஸிலரேட்டர் பெடல், காற்றழுத்தம் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத சென்சார்கள் எல்லாம் பழுது என்று வந்தது. இத்தனை சென்சாரும் ஒரே இரவில் போயிருக்க முடியாது, எனவே இ.சி.எம்.தான் போய்விட்டது என்று ஏற்கெனவே இரண்டு இடங்களில் சொல்லியிருந்தார்கள். இத்தனை சென்சாரும் ஒரே இரவில் போகாது என்பது சரியான யோசனை. அதை இன்னும் ஓர் அடி முன்னே எடுத்துச் சென்றிருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான 5 வோல்ட் வயரில் மீட்டரை வைத்தபோது 0.4 மட்டுமே இருந்தது. மீட்டரை அப்படியே விட்டுவிட்டு, அந்த வயரைப் பகிர்ந்துகொள்ளும் சென்சார்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தார். ரேடியேட்டருக்கு அருகே ஏ.சி. குழாயில் இருக்கும் அழுத்த சென்சாரின் கப்ளரைப் பிடுங்கியதும் மீட்டர் 5.0 வோல்ட்டுக்குத் தாவியது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பற்றிக்கொண்டது. அந்த ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, மற்ற எல்லாவற்றின் 5 வோல்ட்டையும் தரைக்கு இழுத்துக்கொண்டிருந்தது. புது இ.சி.எம். போட்டிருந்தாலும் அதே பிழைகள்தான் வந்திருக்கும். ஓட்டுநரின் இரண்டு மாத வருமானம் போயிருக்கும்.

இ.சி.எம். பழுதே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆண்டுக்கணக்கான வெப்பத்திலும் அதிர்விலும் உள்ளே ஈயப் பற்றுகள் விரிசல் விடுகின்றன. வெள்ளத்தில் நின்ற வண்டியில், பெட்டி நனையாமல் இருந்தாலும், தாழ்வான இடத்தில் உறை கிழிந்த வயரின் இழைகள் வழியாகத் திரி எண்ணெயை இழுப்பதுபோல நீர் ஏறி, கப்ளர் வழியாகப் பெட்டிக்குள் போய்விடுகிறது. பேட்டரி இறங்கிய வண்டிக்கு வேறொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது பிளஸ், மைனஸை மாற்றிப் பிடித்தாலும் பெட்டி போகும். பி 0601, பி 0605, பி 0606 போன்ற பிழைக்குறிகள் நினைவகமும் செயலியும் தாமே தம் கோளாறை அறிவிப்பவை; அவை திரும்பத் திரும்ப வந்தால் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டியதுதான். அப்போதும், மின்சாரமும் எர்த்தும் சரியாக இருக்கின்றன என்பதை உறுதிசெய்த பிறகே அந்தச் சந்தேகத்துக்கு வலு வரும்.

உண்மையிலேயே மாற்றியாக வேண்டிய இடத்திலும், மாற்றும் முறை பெரும்பாலும் அவசர கதியில் நடக்கிறது. பல்ப் மாற்றுவதுபோல ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொன்றைச் செருகிவிட முடியாது. சாவியின் பிடிக்குள் இருக்கும் சிப், திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டான இம்மொபிலைசர், இ.சி.எம். ஆகியவை ஒன்றையொன்று அடையாளம் கண்ட பிறகுதான் இன்ஜின் ஓட அனுமதி கிடைக்கும். எனவே புதுப் பெட்டியை அந்த வண்டியின் சாவிகளோடு பழக்க வேண்டும். வண்டியின் சேசிஸ் எண்ணை அதில் பதிய வேண்டும். பகுதி எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மென்பொருள் பதிப்பு வேறாக இருக்கலாம் என்பதால் அதையும் ஒப்பிட வேண்டும். காமன் ரெயில் டீசல் வண்டியாக இருந்தால் பல மாடல்களில் ஒவ்வோர் இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்திருக்கும் குறியீட்டு எண்ணைச் சரியான சிலிண்டர் வரிசையில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் இன்ஜின் தட்டும், புகை தள்ளும். மென்பொருளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி அழுத்தம் தாழ்ந்து இணைப்பு அறுந்தால், புதுப் பெட்டியே உயிரில்லாமல் போய்விடும் அபாயம் உண்டு. அதனால் ஏற்றி முடிக்கும்வரை நிலையான மின்னழுத்தம் தரும் கருவியை இணைத்து வைப்பது கட்டாயம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய பெட்டி ஏன் போனது என்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் புதியதைப் பொருத்தக் கூடாது. ஷார்ட் ஆன இக்னிஷன் காயிலை அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பெட்டியைப் போட்டால், அந்தக் காயிலை இயக்கும் ட்ரான்சிஸ்டர் மறுபடியும் கருகும்.

இந்த இம்மொபிலைசர் பூட்டு காரணமாக, நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு வண்டியின் இ.சி.எம்.மைச் செருகிப் பார்த்துச் சோதிக்கும் எளிய வழியும் பல மாடல்களில் அடைபட்டுவிட்டது. வண்டிச் சொந்தக்காரர் சென்னையில் உதிரி பாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்கோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ போய்ப் பழைய பெட்டியை வாங்கி வந்தாலும், அது வேறு வண்டியின் சாவியைத்தான் தேடும். பழைய பெட்டியின் நினைவகத்தைப் படித்து, வாங்கிவந்த பெட்டியில் அப்படியே எழுதிப் பொருத்தித் தரும் கைதேர்ந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களின் திறமையை நான் நேரில் பார்த்து மதிக்கிறேன். ஆனால் உற்பத்தியாளரின் மென்பொருளும் சுற்று வரைபடங்களும் முறையாகக் கிடைக்காததால், அவர்கள் பலரிடமிருந்து துண்டு துண்டாகக் கற்றதை வைத்து, தவறினால் தம் பொறுப்பு என்ற பயத்தோடு வேலை செய்கிறார்கள்.

இந்தக் கதவு சட்டப்படி திறந்திருக்க வேண்டியது என்பதைச் சொல்ல வேண்டிய இடம் இது. கார் உற்பத்தியாளர்கள் அசல் உதிரி பாகங்களையும், பழுதறியும் கருவிகளையும், தொழில்நுட்பத் தகவல்களையும் தங்கள் அங்கீகாரம் பெற்ற பணிமனைகளுக்கு வெளியே போகவிடாமல் தடுக்கிறார்கள் என்று ஒரு வாடிக்கையாளர் 2011இல் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அபராதத்தோடு நிற்காமல், உதிரி பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிச் சந்தையில் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்றும், வெளிப் பணிமனைக்குப் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. அதன்மீது மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையதளமும் கைபேசி, வீட்டுச் சாதனம், வேளாண் கருவி ஆகியவற்றோடு வாகனங்களையும் தன் நான்கு துறைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. இத்தனைக்குப் பிறகும், என் மாணவர் தன் கடையில் ஒரு புது இ.சி.எம்.மை முறையாகக் கோடிங் செய்ய வேண்டுமானால், வண்டியைக் கட்டியிழுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டர் வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்ப்புத் தகவல்களை வெளிப் பணிமனைகளுக்கும் தர வேண்டும் என்று 2007இலேயே விதி செய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்களே வாக்களித்து அத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நம் வாகனங்களிலும் பழுதறியும் கப்ளர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிறது. அதன் வழியே முழுமையாகப் பேசும் உரிமை மட்டும் எல்லோருக்கும் இல்லை.

வாடிக்கையாளர் செய்யக்கூடியதும் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தொடர்புடைய தகவலை நுகர்வோரிடம் வேண்டுமென்றே சொல்லாமல் மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. என்ன சோதனை செய்தீர்கள், என்ன அளவு வந்தது என்று எழுத்தில் கேட்கும் வாடிக்கையாளர் சலுகை கேட்கவில்லை. தனக்கு உரிய தகவலைக் கேட்கிறார். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை. காப்பீட்டை நம்பியிருப்போருக்கும் ஒரு வார்த்தை: சாதாரண வாகனக் காப்பீடு தானாக ஏற்படும் மின், இயந்திரப் பழுதுகளை ஏற்பதில்லை. வெள்ளம் வடிந்து பல மாதங்கள் கழித்துக் களிம்பு ஏறி வரும் கோளாறை வெள்ளச் சேதம் என்று நிரூபிப்பது கடினம். அதனால் தண்ணீர் புகுந்த வண்டியை முதல் முறை சரிசெய்யும்போதே எர்த் போல்ட்டுகளையும் தாழ்வான கப்ளர்களையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லி, அதைப் பணிமனையின் வேலைத் தாளான ஜாப் கார்டில் எழுதவைப்பது நல்லது. என் மகளின் வண்டியில் அதை நான் செய்யத் தவறினேன். வடிந்த தண்ணீரோடு ஆபத்தும் வடிந்துவிட்டது என்று, இத்தனை ஆண்டு அனுபவம் இருந்தும், நினைத்துவிட்டேன்.

பணிமனைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் நிற்கும் ஒருவருக்கு, கப்ளரின் பின்னால் ஊசியைச் செருகி அளந்துகொண்டிருக்க அவகாசம் தரப்படுவதில்லை. எர்த் வயரைத் தேடிக் கண்டுபிடிக்கும் இரண்டு மணி நேர உழைப்புக்கு மதிப்பீட்டுத் தாளில் இடம் கிடையாது. பகுதியை மாற்றினால் மட்டுமே பில் போட முடிகிறது. சோதனைக்கு என்று தனிக் கட்டணம் வாங்கட்டும். ஆயிரம் ரூபாயோ ஆயிரத்து ஐந்நூறோ, வாடிக்கையாளர் மனமாரக் கொடுப்பார். நான் அறிந்தவரை, காரணம் தெளிவாகச் சொல்லப்பட்டால் நம் மக்கள் கூலியில் பேரம் பேசுவதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் மின்னழுத்த இழப்பை அளக்கும் பயிற்சியை ஏட்டளவில் முடித்துவிடாமல், களிம்பேறிய உண்மையான வயர்களைக் கொண்டு செய்துகாட்டித் தேர்வும் வைக்க வேண்டும் என்று பயிற்சித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

போக்குவரத்துத் துறையும் நுகர்வோர் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து, இ.சி.எம். போன்ற விலையுயர்ந்த மின்னணுப் பகுதியை மாற்றும் எந்தப் பணிமனையும் ஒரு பக்கச் சோதனைத் தாளை மதிப்பீட்டோடு இணைக்க வேண்டும் என்று விதி செய்யலாம். பேட்டரி அழுத்தம், செல்ஃப் அடிக்கும்போதைய அழுத்தம், பெட்டியின் முனையில் மின்சாரம், சுமையோடு எர்த் இழப்பு, 5 வோல்ட் வயரின் அளவு, பெட்டி மற்ற மின்னணுப் பெட்டிகளோடு பேசும் இரு தகவல் வயர்களுக்கு இடையே இருக்க வேண்டிய 60 ஓம் தடை, பெட்டி பழுதானதற்கான காரணம் ஆகிய இவை மட்டும் அதில் இருந்தால் போதும். கழற்றிய பழைய பெட்டியை வாடிக்கையாளரிடம் திருப்பித் தருவதும் அதே விதியில் இடம்பெற வேண்டும்.

அப்படி ஒரு தாளைத் தமிழில் தயாரித்து, எனக்குத் தெரிந்த மூன்று சிறு பணிமனைகளுக்குக் கொடுத்தேன். கடந்த மாதம் தாம்பரம் கடையில், மூன்றாவது சிலிண்டர் மட்டும் அடிக்காமல் ஒரு கார் வந்தது. தாளை மேலிருந்து நிரப்பிக்கொண்டே போனதில் மின்சாரம், எர்த், 5 வோல்ட், தகவல் வயர் எல்லாமே சரியாக இருந்தன. மூன்றாவது காயிலுக்குப் போகும் கட்டளை மட்டும் பெட்டியிலிருந்து வரவில்லை. காயிலைக் கழற்றி அளந்தபோது அது ஷார்ட். முதலில் காயில் மாற்றப்பட்டது. பிறகுதான் புது இ.சி.எம். வரவழைக்கப்பட்டு, நிலையான மின்னழுத்தத்தில் கோடிங் செய்யப்பட்டு, இரண்டு சாவிகளும் பழக்கப்பட்டன. பழைய பெட்டியை உரிமையாளர் முன்னிலையில் பிரித்துக் காட்டினார் என் மாணவர். பச்சைப் பலகையின் ஓரத்தில் ஒரு ட்ரான்சிஸ்டர் மட்டும் கருகி, அதைச் சுற்றி நகக்கண் அளவுக்குப் பழுப்பேறியிருந்தது. உரிமையாளர் 47,000 ரூபாய் பில்லைக் கட்டி, சோதனைத் தாளையும் பழைய பெட்டியையும் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சிப் பயிற்றுநர்,
பல்லாவரம், சென்னை